ஊரில் எத்தனை பேருக்கு வாத நோய்? வாசல் வாசலாகப் போய்க் கணக்கெடுக்க ஒரு முழுமையான வழிகாட்டி

என் அத்தைக்கு நாற்பது வயதில் கைவிரல்கள் வீங்க ஆரம்பித்தன. காலையில் எழுந்தால் சொம்பைப் பிடிக்க முடியாது. வெயில் ஏறிய பிறகுதான் விரல் மடங்கும். "வேலை செய்யுற கை, அப்படித்தான் இருக்கும்" என்று சொல்லித் தைலம் தேய்த்தே பத்து வருடம் ஓட்டினார். கடைசியாக டாக்டரிடம் போனபோது விரல்கள் ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தன. ஊரில் சரவாங்கி என்பார்களே, அந்த முடக்குவாதம். அந்தப் பத்து வருடமும் எந்த ஆஸ்பத்திரிப் பதிவேட்டிலும் அவர் பெயர் இல்லை. எந்தப் புள்ளிவிவரத்திலும் அவர் இல்லை.

உலக அளவில் எலும்பு, மூட்டு, தசை சார்ந்த தொல்லைகளுடன் சுமார் 171 கோடிப் பேர் வாழ்கிறார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. 2019 கணக்குப்படி மூட்டுத் தேய்மானம் 52.8 கோடிப் பேருக்கு, முடக்குவாதம் 1.8 கோடிப் பேருக்கு. இப்படிப்பட்ட எண்களுக்கு அடியில் எங்கோ ஒருவர் வீட்டு வாசலில் நின்று, "உங்களுக்கு எங்காவது வலி இருக்கா?" என்று கேட்டிருக்கிறார். அந்தக் கேள்வியை எப்படிக் கேட்பது, பதிலை எப்படி எண்ணுவது என்பதுதான் இந்த வழிகாட்டி. மருத்துவம், செவிலியர் படிப்பு, சமூகப்பணி படிக்கும் மாணவர்களையும், கிராமங்களில் வேலை செய்யும் தொண்டு அமைப்புகளையும் மனதில் வைத்து எழுதுகிறேன். கணக்கெடுக்கப் போகாதவர்களுக்கும், செய்தியில் வரும் ஒரு சதவீதத்தை எப்படி எடைபோடுவது என்பது புரியும்.

நான் பிடித்துக்கொள்ளும் உதாரணம் மகாராஷ்டிராவின் பிக்வான். புனே மாவட்டத்தில், புனேயிலிருந்து சோலாப்பூர் போகும் சாலையில், உஜனி அணையின் நீர்த்தேக்கக் கரையோரம் இருக்கும் ஊர். உலக சுகாதார நிறுவனமும் வாத நோய் மருத்துவச் சங்கங்களின் சர்வதேசக் கூட்டமைப்பும் சேர்ந்து 1981இல் காப்கார்ட் என்ற திட்டத்தைத் தொடங்கின. வளரும் நாடுகளில், அதிகச் செலவில்லாமல், மக்களிடமே போய் வாத நோய்களைக் கணக்கெடுப்பது அதன் நோக்கம். அந்த முறையில் டாக்டர் அரவிந்த் சோப்ராவின் குழு 1996இல் பிக்வானில் வேலையை ஆரம்பித்தது. இந்தியாவில் இந்தத் துறையில் கால்வைக்கும் யாரும் பிக்வானைத் தாண்டிப் போக முடியாது.

படி 1: 'வாதம்' என்ற சொல்லை ஓரமாக வையுங்கள்

தமிழில் இது முதல் தடை. "வாதம் இருக்கா?" என்று கேட்டால், கை கால் விழுந்துபோன தாத்தாவைக் காட்டுவார்கள். அது பக்கவாதம்; மூளை ரத்தக்குழாய் சம்பந்தப்பட்டது, நமக்குத் தொடர்பில்லை. கொஞ்சம் படித்தவர்கள், சிறுவயதில் ருமாட்டிக் காய்ச்சல் வந்து இதய வால்வு கெட்டுப்போன உறவினரைச் சொல்வார்கள். அது தொண்டையில் வரும் கிருமித்தொற்றின் பின்விளைவு. அதற்கான கணக்கெடுப்பே வேறு.

நாம் தேடுவது மூட்டு, தசை, தசைநார், முதுகெலும்பு ஆகியவற்றில் வலி, வீக்கம், இறுக்கம் தரும் நோய்கள். மூட்டுத் தேய்மானம், முடக்குவாதம், யூரிக் அமிலம் மூட்டில் படிந்து வரும் கவுட், முதுகெலும்பை இறுக்கிவிடும் அங்கைலோசிங் ஸ்பாண்டிலைட்டிஸ், உடலின் எதிர்ப்பு சக்தி உடலையே தாக்கும் லூபஸ், அப்புறம் தோள்பட்டை இறுக்கம், குதிகால் வலி போன்ற மென்திசு வலிகள். கேள்வித்தாளில் இந்தப் பெயர்கள் எதுவும் வரக்கூடாது. பெயர் வைப்பது டாக்டரின் வேலை. வீட்டில் இருப்பவருக்குத் தெரிந்தது அவருடைய வலி மட்டும்தான்.

படி 2: எந்த எண் வேண்டும் என்று முடிவு செய்யுங்கள்

இதில் தெளிவில்லாமல் களத்தில் இறங்கினால் திரும்பி வரும்போது கையில் குழப்பம்தான் இருக்கும். மூன்று எண்கள் உண்டு, மூன்றும் வேறு வேறு.

முதலாவது, வலி உள்ளவர்கள் எத்தனை பேர். பிக்வானில் பெரியவர்கள் 4092 பேரிடம் கேட்டதில் 746 பேருக்கு மூட்டு, தசை வலி இருந்தது. அதாவது 18.2 சதவீதம்.

இரண்டாவது, குறிப்பிட்ட நோய் உள்ளவர்கள் எத்தனை பேர். அதே பிக்வானில் மூட்டுத் தேய்மானம் சுமார் 5.8 சதவீதம், முடக்குவாதம் 0.5 சதவீதம். 4092 பேரில் 0.5 சதவீதம் என்றால் 20 பேரை ஒட்டி வரும். வலி என்று சொன்ன 37 பேருக்கு ஒருவர்தான் முடக்குவாதக்காரர். மீதிப் பேரில் தேய்மானமும் மென்திசு வலிகளும் அதிகம். எந்த நோய்ப் பெயருக்குள்ளும் அடங்காத வலியும் கணிசமாக இருந்தது.

மூன்றாவது, அந்த வலியால் அன்றாட வேலை செய்ய முடியாமல் போனவர்கள் எத்தனை பேர். ஒரு குடும்பத்துக்கு உண்மையில் உறைப்பது இந்த எண். ஆனால் அறிக்கைகளில் கடைசிப் பக்கத்துக்குத் தள்ளப்படுவதும் இதுதான்.

செய்திகளில் "ஐந்தில் ஒருவருக்கு மூட்டு நோய்" என்று படித்தால், அது முதல் எண்ணா இரண்டாவதா என்று பாருங்கள். பெரும்பாலும் வலியின் எண்ணுக்கு நோயின் பெயரைப் போட்டுவிடுகிறார்கள். இது சின்னப் பிழை இல்லை. அரசு மருந்து வாங்குவதும், வாத நோய் மருத்துவரை எந்த ஊரில் போடுவது என்று முடிவு செய்வதும் இந்த எண்ணை வைத்துத்தான்.

இன்னொன்று. இன்றைய தேதியில் எத்தனை பேருக்கு இருக்கிறது என்பது பாதிப்பு விகிதம். ஒரு வருடத்தில் புதிதாக எத்தனை பேருக்கு வருகிறது என்பது வேறு கணக்கு. அதற்கு ஒரே ஊரைப் பல வருடம் பின்தொடர வேண்டும். ஒருமுறை வீடு வீடாகப் போவதில் கிடைப்பது பாதிப்பு விகிதம் மட்டும்தான்.

படி 3: எத்தனை பேரைப் பார்க்க வேண்டும்?

வலியை எண்ணச் சிறிய ஊரே போதும். ஐந்தில் ஒருவருக்கு இருக்கும் என்று எதிர்பார்த்து, முன்பின் 2 சதவீதத்துக்குள் விடை வேண்டுமென்றால், வழக்கமான சூத்திரப்படி 1540 பேர் போதும். முடக்குவாதத்துக்கு அப்படி முடியாது. 0.5 சதவீதம் எதிர்பார்த்து, முன்பின் 0.2க்குள் விடை வேண்டுமென்றால் சுமார் 4780 பேர் தேவை. பிக்வானின் 4092 பேரில் கிடைத்த 0.5 சதவீதம்கூட, உண்மையில் 0.3இலிருந்து 0.7க்குள் எங்கோ இருக்கிறது என்றுதான் அர்த்தம்.

லூபஸ் என்றால் ஒரு கிராமத்தை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. 1993இல் வெளிவந்த ஓர் இந்திய ஆய்வில் 91,888 பேரை உள்ளடக்கிய மக்கள்தொகையைத் தேடியதில், லட்சத்துக்குச் சுமார் 3 பேருக்கு லூபஸ் என்று தெரிந்தது. அந்த விகிதத்தில் 4000 பேர் உள்ள ஊரில் ஒருவர்கூட அகப்படாமல் போவதே இயல்பு. அகப்படவில்லை என்பதற்காக "எங்கள் ஊரில் லூபஸ் இல்லை" என்று எழுதிவிடாதீர்கள்.

இடத்தைத் தேர்ந்தெடுக்கும்போது ஊர் முழுவதையும் எடுப்பதே நல்லது. பாதி ஊரை எடுத்தால் எந்தப் பாதி என்ற கேள்வி வரும். ஊர் என்றால் காலனியும் தெருவும் தோட்டத்து வீடுகளும் சேர்த்துத்தான். வண்டி போகாத வீட்டில் இருப்பவருக்கும் முழங்கால் உண்டு.

படி 4: கேள்வியை அந்த ஊர்ப் பேச்சில் எழுதுங்கள்

அதிக நேரம் செலவழிக்க வேண்டிய இடம் இது. காப்கார்ட் கேள்வித்தாளின் உயிர்நாடி எளிமையானது: கடந்த 7 நாட்களில் மூட்டிலோ தசையிலோ எலும்பிலோ வலி, வீக்கம், இறுக்கம் இருந்ததா? அதற்கு முன்பு எப்போதாவது இருந்ததா? அடிபட்டதால் வந்ததா, தானாக வந்ததா? அப்புறம் ஒரு மனித உருவத்தின் முன்பக்கமும் பின்பக்கமும் வரைந்த படத்தைக் காட்டி, வலிக்கும் இடங்களில் குறி போடச் சொல்வார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவரும் விரல் வைத்துக் காட்ட முடியும் என்பதால் படம் மிக முக்கியம்.

ஆனால் தமிழில் வலி என்ற ஒரே சொல்லை வைத்துக் கேட்டால் பாதிப் பேர் "வலியெல்லாம் இல்லீங்க" என்பார்கள். அவர்களுக்கு இருப்பது குடைச்சல், உளைச்சல், கடுப்பு, பிடிப்பு, குத்தல், மதமதப்பு. ஒவ்வொரு வட்டாரத்திலும் சொல் மாறும். முதல் வாரம் முழுவதும் கேள்வித்தாளை எடுக்காமல் டீக்கடையிலும் குழாயடியிலும் உட்கார்ந்து, மக்கள் எந்தச் சொல்லை எதற்குச் சொல்கிறார்கள் என்று குறித்துக்கொள்வது வீண் வேலையே இல்லை. பிறகு அந்தச் சொற்களை எல்லாம் கேள்வியில் சேர்த்து, இருபது முப்பது பேரிடம் ஒத்திகை பாருங்கள்.

காலை நேர இறுக்கத்தைக் கேட்பதற்கு எனக்குப் பிடித்த வழி: "காலையில எழுந்ததும் கைவிரலை மடக்கித் தம்ளரைப் பிடிக்க எவ்வளவு நேரம் ஆகுது?" 'உடனே பிடிப்பேன்', 'காபி குடிச்சு முடிக்கிற வரைக்கும்', 'பத்து மணி ஆயிடும்' என்று பதில் வரும். கடிகாரம் பார்த்துச் சொல்லச் சொன்னால் இந்தத் தெளிவு கிடைக்காது. தேய்மானத்தில் இறுக்கம் பொதுவாகச் சில நிமிடங்களில் விடும். ஒரு மணி நேரத்துக்கு மேல் நீடித்தால் முடக்குவாதம் போன்ற அழற்சி நோயைச் சந்தேகிக்க வேண்டும்.

முடியாமையை அளக்க ஸ்டான்ஃபோர்டில் உருவான கேள்வித்தாள் ஒன்று உலகமெங்கும் பயன்படுகிறது. மேலைநாட்டு வடிவம் நாற்காலியிலிருந்து எழுவதைக் கேட்கும். நம் ஊருக்கு அது போதாது. தரையில் சம்மணம் போட்டு உட்கார முடிகிறதா, குத்துக்கால் வைத்து உட்கார்ந்து எழ முடிகிறதா என்று கேட்க வேண்டும். இந்தியாவுக்கென மாற்றிய வடிவங்கள் இவற்றைச் சேர்த்திருக்கின்றன. நீங்கள் கூடுதலாகக் குடம் தூக்குவது, துணி பிழிவது, பஸ் படி ஏறுவது என்று சேர்த்தால் பெண்களின் பதில்கள் சட்டென்று மாறும். என் அத்தையிடம் யாராவது "துணி பிழிய முடியுதா?" என்று கேட்டிருந்தால் அன்றே தெரிந்திருக்கும்.

படி 5: வாசலுக்குப் போங்கள்

காப்கார்ட் முறையில் மூன்று கட்டங்கள். பயிற்சி பெற்ற உள்ளூர் ஆட்கள் வீடு வீடாகப் போய் வலி உள்ளவர்களைக் கண்டுபிடிப்பது முதல் கட்டம். அவர்களிடம் விரிவாகக் கேட்டு எழுதுவது இரண்டாவது. வாத நோய் மருத்துவர் நேரில் பரிசோதிப்பது மூன்றாவது. பிக்வானில் மூன்றையும் ஒன்றன்பின் ஒன்றாக இழுக்காமல் ஒரே சமயத்தில் ஓடவிட்டார்கள். திங்கட்கிழமை வலி என்று சொன்னவரை அந்த வலி இருக்கும்போதே டாக்டர் பார்த்துவிடுவார் என்பது இதில் பெரிய லாபம். மூன்று மாதம் கழித்துக் கூப்பிட்டால் வீக்கம் வடிந்திருக்கும், ஆளும் வேலைக்கு வெளியூர் போயிருப்பார்.

களப்பணிக்கு அந்த ஊர்க்காரர்களையே எடுங்கள். எந்த நேரத்தில் எந்த வீட்டில் ஆள் இருக்கும் என்று அவர்களுக்குத் தெரியும். பகலில் மட்டும் போனால் வயதானவர்களும் கைக்குழந்தை வைத்திருப்பவர்களும்தான் கிடைப்பார்கள். காட்டுக்கும் மில்லுக்கும் போனவர்கள் விடுபடுவார்கள். சாயங்காலமும் ஞாயிற்றுக்கிழமையும் போக வேண்டும். பூட்டிய வீட்டுக்கு மூன்று முறையாவது திரும்பப் போங்கள்.

விடுபட்டவர்கள் கணக்கை எப்படி ஆட்டுவார்கள் என்று ஒரு சின்னக் கணக்குப் போடுவோம். ஊரில் 1000 பெரியவர்கள். 700 பேரைப் பார்த்தீர்கள், 140 பேருக்கு வலி. 20 சதவீதம் என்று எழுதிவிடலாம். பார்க்காத 300 பேரும் நன்றாக இருந்தால் உண்மை 14 சதவீதம். அந்த 300 பேருக்கும் வலி என்றால் 44. பார்க்காதவர்களின் வயது, பாலினம், ஏன் கிடைக்கவில்லை என்பதையாவது பக்கத்து வீட்டில் கேட்டு எழுதினால் இந்த இடைவெளியைக் கொஞ்சம் குறைக்கலாம்.

வலி உள்ளவர் எழுந்து வந்து பேசுவார் என்று எதிர்பார்க்காதீர்கள். உள்ளறையில் படுத்திருக்கும் பாட்டியைப் பற்றி வீட்டார் "அவங்களுக்கு வயசாயிடுச்சு" என்று முடித்துவிடுவார்கள். பெயர்ப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொருவராக, நேரில், அவர் வாயாலேயே கேட்க வேண்டும். மருமகளின் வலியை மாமியார் சொல்லவும் கூடாது, மாமியாரின் வலியை மருமகள் சொல்லவும் கூடாது.

படி 6: டாக்டரின் முறை

ஒரே ஆளை இரண்டு டாக்டர்கள் பார்த்தால் இரண்டு விடை வரலாம். அதனால் நோய்க்கு எல்லாரும் ஒத்துக்கொண்ட அளவுகோல்கள் உண்டு. முடக்குவாதத்துக்கு 1987இல் அமெரிக்க வாத நோய்ச் சங்கம் வெளியிட்டதில் ஏழு அம்சங்கள்: ஒரு மணி நேரமாவது நீடிக்கும் காலை இறுக்கம், மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட மூட்டுப் பகுதிகளில் வீக்கம், கை மூட்டுகளில் வீக்கம், இரண்டு பக்கமும் ஒரே மாதிரி பாதிப்பு, தோலடி முடிச்சுகள், ரத்தத்தில் ருமட்டாய்டு காரணி (முடக்குவாதக்காரர்கள் பலரிடம் காணப்படும் ஒரு புரதம்), எக்ஸ்ரேயில் மாற்றம். ஏழில் நான்கு இருக்க வேண்டும். முதல் நான்கில் எதைக் கணக்கில் எடுத்தாலும் அது ஆறு வாரமாவது நீடித்திருக்க வேண்டும். 2010இல் புள்ளிகள் போட்டுச் சேர்க்கும் புதிய முறை வந்தது, பத்துக்கு ஆறு. அது நோயை ஆரம்பத்திலேயே பிடிப்பதற்காகச் செய்தது. எனவே 1987 அளவுகோலில் எடுத்த பழைய எண்ணையும் 2010இல் எடுத்த புதிய எண்ணையும் பக்கத்தில் வைத்து "நோய் கூடிவிட்டது" என்று சொல்ல முடியாது. எந்த அளவுகோல் என்பதை முதல் பக்கத்திலேயே எழுதுங்கள்.

மாத்திரை சாப்பிட்டு நன்றாக இருக்கும் நோயாளி பரிசோதனை நாளில் வீக்கமே இல்லாமல் வருவார். பழைய சீட்டுகளை எடுத்துவரச் சொல்லாவிட்டால், வைத்தியம் பலித்தவர்களே கணக்கிலிருந்து விழுந்துவிடுவார்கள்.

"ஊர் முழுக்க ரத்தம் எடுத்துப் பார்த்தால் சுலபமாச்சே" என்று கேட்பவர்கள் உண்டு. பணம் இருந்தாலும் அது சரிவராது. 10,000 பேர் என்று வைத்துக்கொள்வோம். முடக்குவாதம் 75 பேருக்கு. நோய் உள்ளவர்களில் 70 சதவீதம் பேருக்கு ருமட்டாய்டு காரணி இருக்கும், நோய் இல்லாதவர்களில் 5 சதவீதம் பேருக்கும் இருக்கும் என்று எடுத்துக்கொள்ளுங்கள். நோயாளிகளில் 52 பேர் அகப்படுவார்கள். கூடவே நோயே இல்லாத 496 பேரும் வருவார்கள். 'பாசிட்டிவ்' என்று சீட்டு வாங்கிய பத்துப் பேரில் ஒன்பது பேரை வீணாகப் பயமுறுத்தியிருப்போம். ரத்தப் பரிசோதனை கடைசியில்தான் வர வேண்டும், அதுவும் சந்தேகம் உள்ளவருக்கு மட்டும்.

டெல்லி அருகே டாக்டர் ஏ. என். மாளவியா குழு செய்து 1993இல் வெளியிட்ட ஆய்வில் இந்த வரிசை அழகாகத் தெரியும். 44,551 பெரியவர்களைப் பட்டியலிட்டார்கள். 89.5 சதவீதம் பேர் ஒத்துழைத்தார்கள். முடக்குவாதமாக இருக்கலாம் என்று வீடு வீடாகப் போனவர்கள் குறித்தது 3393 பேரை. அதில் அளவுகோலுக்குள் வந்தவர்கள் 299 பேர். விகிதம் 0.75 சதவீதம். 3393க்கும் 299க்கும் நடுவில் இருக்கும் தூரத்தைக் கடக்கத்தான் டாக்டர் தேவைப்படுகிறார்.

படி 7: கணக்குப் போடுங்கள்

வகுப்பது சுலபம். கீழே எதைப் போடுகிறீர்கள் என்பதில்தான் கவனம் வேண்டும்: பெரியவர்கள் மட்டுமா, குழந்தைகளும் சேர்த்தா? குழந்தைகளைச் சேர்த்தால் விகிதம் இறங்கிவிடும்.

அடுத்து வயது. ஒரு ஊரில் இளைஞர்கள் எல்லாரும் திருப்பூருக்கும் வளைகுடாவுக்கும் போய்விட்டார்கள். பெரியவர்கள் 1000 பேரில் 400 பேர் 45 வயதைத் தாண்டியவர்கள். பக்கத்து ஊரில் 200 பேர்தான். இரண்டு ஊரிலும் 45க்குக் கீழ் 10 சதவீதம், மேல் 40 சதவீதம் பேருக்கு வலி என்று வைத்தால், முதல் ஊரில் 22 சதவீதம், இரண்டாவதில் 16 சதவீதம் என்று விடை வரும். நோய் ஒரே அளவுதான். வயதுதான் வேறு. எனவே வயது வாரியாக, ஆண் பெண் தனித்தனியாகப் பட்டியல் போட்டு, பொதுவான ஒரு மக்கள்தொகைக்கு ஏற்றபடி சரிசெய்த பிறகே ஒப்பிட வேண்டும்.

எண்ணோடு அதன் எல்லைகளையும் எழுதுங்கள். பூஜ்யம் வந்தாலும் எல்லை உண்டு: யாருமே அகப்படாவிட்டால், 3ஐப் பார்த்தவர்களின் எண்ணிக்கையால் வகுத்தால் கிடைப்பது மேல் எல்லை. 1993இல் வெளியான நைஜீரியக் கிராம ஆய்வு ஒன்றில் 2000 பேரில் ஒருவருக்குக்கூட முடக்குவாதம் தெரியவில்லை. அதன் பொருள், இருந்தாலும் 0.15 சதவீதத்துக்கு மேல் இருக்க வாய்ப்பு குறைவு என்பதுதான். அப்படியும் அது வியப்பான செய்தி. ஏனென்றால் இங்கிலாந்தின் நார்ஃபோக்கில் 2002இல் வெளிவந்த ஆய்வில் பெண்களில் 1.16 சதவீதம், ஆண்களில் 0.44 சதவீதம். அமெரிக்காவின் அரிசோனாவில் வாழும் பீமா பழங்குடியினரிடம் 5 சதவீதத்தை ஒட்டிக்கூடப் பார்த்திருக்கிறார்கள். பரம்பரை, புகைபிடித்தல், வயது அமைப்பு, அளவுகோல் எல்லாம் சேர்ந்து இந்த வித்தியாசத்தை உண்டாக்குகின்றன. எது எவ்வளவு என்று பிரிப்பதற்குத்தான் ஒரே முறையில் பல ஊர்களில் எண்ண வேண்டியிருக்கிறது.

காலத்தையும் மறந்துவிடாதீர்கள். 2006இல் தமிழ்நாடு உட்பட இந்தியாவின் பல மாநிலங்களைச் சிக்குன்குனியா உலுக்கியது. காய்ச்சல் சில நாளில் போனாலும் மூட்டு வலியும் வீக்கமும் பலருக்கு மாதக்கணக்கில், சிலருக்கு வருடக்கணக்கில் நின்றன. அது முடக்குவாதம் மாதிரியே இருக்கும். அப்படியொரு அலை ஓய்ந்த கையோடு கணக்கெடுத்தால் விடை வீங்கித்தான் வரும். "சிக்குன்குனியா வந்ததா? எப்போது?" என்ற கேள்வி கட்டாயம் இருக்கட்டும்.

படி 8: கண்டுபிடித்தவர்களிடம் திரும்பப் போங்கள்

காப்கார்ட் திட்டத்தில் எண்ணுவது முதல் நிலை மட்டும்தான். மக்களுக்கு நோயைப் பற்றிச் சொல்லிக் கொடுப்பதும், காரணங்களைத் தேடுவதும், கட்டுப்படுத்துவதும் அடுத்த நிலைகள். பிக்வானிலும் எண்ணி முடித்ததோடு மூட்டை கட்டவில்லை. பல வருடங்கள் அந்த ஊருக்குப் போய்க்கொண்டே இருந்தார்கள்.

ஆகவே கிளம்புவதற்கு முன்பே ஏற்பாடு வேண்டும். முடக்குவாதம் என்று தெரிந்த இருபது பேரை எந்த ஆஸ்பத்திரிக்கு அனுப்புவீர்கள்? அங்கே எந்தக் கிழமை வாத நோய்ப் பிரிவு? போய்வரப் பஸ் உண்டா? முடக்குவாதத்துக்குக் கொடுக்கும் மெத்தோட்ரெக்சேட் மாத்திரையை வாரத்துக்கு ஒரு நாள்தான் போட வேண்டும், தினமும் போட்டால் உயிருக்கே ஆபத்து என்பதை யார் உட்கார்ந்து விளக்குவார்? ரத்தப் பரிசோதனையை இடையிடையே யார் பார்ப்பார்? மூட்டு எலும்பு அரிக்கப்படுவது முதல் இரண்டு வருடங்களிலேயே வேகமாக நடந்துவிடும். அதனால் அறிக்கை அச்சாகும் வரை பெயர்களைப் பெட்டியில் வைத்திருக்க முடியாது. டாக்டர் பார்த்த அன்றே சீட்டு எழுதிக் கையில் கொடுத்து, அடுத்த வாரம் அந்த வீட்டுக்குப் போய் "போனீங்களாம்மா?" என்று கேளுங்கள். போகவில்லை என்றால் ஏன் போகவில்லை என்பதையும் அதே நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள்.